வீட்டுச் சேமிப்பகத்தின் வேகம் 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை

கேள்வி:
வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துள்ள சேமிப்பகத்துக்குக் கணினியிலிருந்து பெரிய வீடியோ கோப்புகளை நகலெடுக்கும்போது, வேகம் வினாடிக்கு 11 மெகாபைட்டிலேயே நின்றுவிடுகிறது. ரவுட்டர், கணினி, சேமிப்பகம் மூன்றிலும் கிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட்) போர்ட்தான் உள்ளது, வைஃபையைப் பயன்படுத்தவில்லை. வட்டு பழுதாகியிருக்குமோ?

பதில் 1:
வட்டைச் சந்தேகிக்க வேண்டாம்; 11 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பின் வேகத்தை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட்; தரவுப் பொதிகளின் தலைப்புத் தகவல்களுக்குப் போக மிஞ்சுவது ஏறக்குறைய இதுதான். கிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. அவற்றில் ஒன்று பழுதானால், இணைப்பு அறவே அறுந்துபோகாமல், இரண்டு ஜோடிகளே போதுமான 100 மெகாபிட்டுக்குச் சத்தமில்லாமல் இறங்கிவிடுவது வழக்கம். இணைப்பு வேகத்தை இரு முனைகளிலும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கணினியில் 1000 என்றும், சேமிப்பகத்தின் நிர்வாகப் பக்கத்தில் 100 என்றும் இருந்தது. அந்தக் கேபிளின் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, பழுப்பு நிறக் கம்பி முனைவரை எட்டவேயில்லை. வேறு கேபிள் போட்டதும் 108 மெகாபைட் கிடைக்கிறது. ஆனால், புகைப்படக் கோப்புறை மட்டும் இன்னும் தவழ்கிறது.

பதில் 2:
அது கேபிளின் குற்றமன்று. சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், ஒவ்வொன்றையும் உருவாக்கி, எழுதி, மூடுவதற்குக் கணினியும் சேமிப்பகமும் தனித்தனியே செய்தி பரிமாறிக்கொள்வதிலேயே நேரம் கரைகிறது. மொத்தத்தையும் ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்பிப் பாருங்கள்.