ராயபுரத்துப் பழைய வீடு: மெட்ராஸ் டெரஸை இடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பாட்டனார் காலத்து வீட்டின் சுண்ணாம்புச் சுவரில் முன்பு யாரோ பூசிய சிமெண்ட், இடுப்பளவு உயரம் வரை உப்புப் பூத்து உதிர்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய பாணிக் கூரையையும் இடித்துக் கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில் 1: சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பே பூசுங்கள், ஐயா. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதைத் தூளாக்குகிறது.

பதில் 2: தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, உத்தரங்களுக்குச் சாய்கோணத்தில் வரிசையாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதித்த கூரைதான் மெட்ராஸ் டெரஸ். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகளை உளியால் குத்திப் பாருங்கள். உளி இறங்காவிட்டால் இடிக்க அவசியமில்லை. (இடிக்கச் சொல்பவர்களுக்குத் தேக்கின்மீதும் ஒரு கண் இருக்கும்.)

கேட்டவர்: இரண்டு முனைகள் மட்டும் மெத்தென்று இருக்கின்றன.

பதில் 2: முட்டுக் கொடுத்து அந்த இரண்டு உத்தரங்களை மட்டும் மாற்றுங்கள்.