பேஸ் கிட்டாரின் உடைந்த நட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஜாஸ் பேஸ் வடிவிலான நான்கு கம்பி பேஸ் கிட்டார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசிப்பது அதில்தான். சென்ற வாரம் கம்பி மாற்றியபோது, நான்கில் மிகத் தடித்ததான ஈ கம்பியில் வழக்கமான 105க்குப் பதிலாக 110 தடிமன் உள்ளதைப் போட்டேன் (இந்த எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்). அது பள்ளத்தில் முழுவதும் இறங்கவில்லை. சுருதியை ஏற்ற ஏற்ற ஆப்பு அடித்தாற்போல் இறங்கி, நட்டின் வெளிப்பக்கச் சுவரைப் பிளந்துவிட்டது. நான் சொல்லும் நட் திருகாணியில் மாட்டும் நட்டு அன்று. கழுத்தின் மேல்முனையில், கம்பிகள் விரல்பலகைக்குள் இறங்கும் இடத்தில் இருக்கும் சிறு கட்டை. உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே குடைவான பிளாஸ்டிக்.

சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கத்துக் கிட்டார் கடைகளில் போய் விசாரித்தேன். வேலை குவிந்திருப்பதால் மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். அதற்குள் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. சூப்பர் குளூவும் சோடா உப்பும் வைத்து உடைந்த இடத்தை அடைத்தால் தாங்குமா? புதிது போடுவதென்றால் கழுத்தின் மரமும் மெருகும் பெயராமல் பழையதை எடுப்பது எப்படி? எலும்பு நட்தான் சிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் பூஜை அறைக்கு எதிரே வாசிக்கும் வாத்தியத்தில் எலும்பு வேண்டாம் என்று எங்கள் குழுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாலுகம்பி:

தம்பி, வணக்கம். சோடா உப்பும் சூப்பர் குளூவும் நல்ல வைத்தியம்தான், ஆனால் அது உங்கள் நோய்க்கு அன்று. பள்ளத்தின் அடி தேய்ந்து கம்பி தாழ்ந்துவிட்டால் அந்தக் கலவையால் அடியை உயர்த்தலாம். உங்களுக்குப் போயிருப்பது பக்கச் சுவர். பேஸ் கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோ விசையோடு இழுபட்டு நிற்கிறது. கம்பியை முறுக்கும் டியூனிங் கீயை நோக்கித் திரும்பும் இடத்தில் அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் விழுகிறது. ஒட்டுப்போட்ட சுவர் நிகழ்ச்சியின் நடுவில் தெறித்தால் என்ன செய்வீர்கள்? புதிதாகவே போடுங்கள்.

எடுப்பதற்கு முன் பழைய நட்டின் நீளம், கனம், உயரம் மூன்றையும் காலிப்பரால் அளந்து எழுதி வையுங்கள். ஜாஸ் பேஸில் நீளம் 38 மி.மீ. அளவிலும் கனம் 3 மி.மீ.க்குச் சற்று மேலும் இருக்கும். சில கழுத்துகளில் நட் உட்காரும் காடியின் அடி தட்டையாகவும் சிலவற்றில் விரல்பலகையின் வளைவைப் பின்பற்றியும் இருக்கும் என்பதால், கையில் இருப்பதைப் பார்க்காமல் புதியதை வாங்காதீர்கள்.

மெருகு பெயர்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நட்டும் மரமும் சேரும் கோடு முழுவதையும், இரு ஓரங்களையும் மறக்காமல், கூர்மையான கத்தி முனையால் மெல்லக் கீறுங்கள். கீறாமல் தட்டினால் நட்டோடு மெருகும் செதிலாகப் பெயர்ந்து வரும். பிறகு மரத்துண்டு ஒன்றை நட்டின் ஓரத்தில் வைத்துச் சிறு சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் அது காடிக்குள்ளேயே நகர்ந்து வெளியே வரும். முரண்டு பிடித்தால் மெல்லிய ரம்பத்தால் நட்டின் நடுவே நீளவாக்கில் அறுத்து, குறட்டால் இரு பாதியையும் உள்நோக்கி நெரித்து எடுத்துவிடலாம். உங்களுடையது குடைவான பிளாஸ்டிக் என்பதால் எளிதில் நெரியும். பழைய பசையைக் கரைக்க அசிட்டோன் மட்டும் வேண்டாம், மெருகைத் தின்றுவிடும். உளியால் சுரண்டினால் போதும்.

இனிக் கம்பிகளுக்கு இடையிலான தூரம். கம்பிகளின் மையங்களைச் சம தூரத்தில் வைக்கக் கூடாது, கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் சமமாக இருக்க வேண்டும். 45, 65, 85, 105 என்ற தொகுப்பில் நான்கு கம்பிகளின் தடிமனும் சேர்ந்து 0.300 அங்குலம், அதாவது 7.62 மி.மீ. 38 மி.மீ. நட்டில் இரு ஓரங்களிலும் 3 மி.மீ. விட்டால் மீதி 32. அதில் கம்பிகளின் தடிமன் போக 24.38, மூன்றால் வகுத்தால் ஒவ்வோர் இடைவெளியும் 8.13 மி.மீ. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, அந்தத் தாளையே நட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அறுக்கத் தொடங்குவேன். 110 போடுவதானால் கணக்கை அதற்கேற்ப மாற்றுங்கள். கம்பியைவிடப் பள்ளம் ஒரு மயிரிழை அகலமாக இருக்க வேண்டும். உங்கள் நட் பிளந்ததற்குக் காரணமே அது இல்லாததுதான்.

ஆழம்தான் இந்த வேலையின் உயிர். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் தவறினால் அத்தனையும் வீண். ஒரு பென்சிலை நீளவாக்கில் பாதியாகத் தேய்த்துத் தட்டையாக்கி, அந்தத் தட்டைப் பக்கம் முதல் இரண்டு பிரெட்டுகளின் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) மேல் படியுமாறு வைத்து, புதிய நட்டின் முகத்தில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு பிரெட்டின் உச்சிமட்டம். பள்ளத்தின் அடி அதற்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். கோட்டை நெருங்கியதும் ஒவ்வொரு நான்கைந்து இழுப்புக்கும் கம்பியை மாட்டிச் சுருதிக்கு ஏற்றிப் பாருங்கள். கம்பியை இரண்டாவது, மூன்றாவது பிரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்தால், முதல் பிரெட்டுக்கு மேல் ஜி கம்பியின் கீழே ஒரு தாளின் கனமும் ஈ கம்பியின் கீழே இரண்டு மூன்று தாள்களின் கனமும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். உயரமாக விட்டுவிட்டால் முதல் பிரெட்டில் அழுத்தும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு, ஈ கம்பியில் வரும் எஃப் சுருதி ஏறிப் பேசும். தாழ்ந்துவிட்டாலோ திறந்த கம்பி, அதாவது விரல் வைக்காமல் மீட்டும் கம்பி, பிரெட்டில் அடித்து இரையும்.

பேஸ் கம்பிக்கான அரங்கள் விலை அதிகம். பழைய கம்பியின் மேல் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி ஒட்டி அதையே அரமாகப் பயன்படுத்தலாம். சுற்றினால் தடிமன் கூடும் என்பதால், ஈ பள்ளத்துக்கு ஏ கம்பியை எடுங்கள். மரப்பசை ஒரே ஒரு துளி போதும். மீதியைக் கம்பிகளின் அழுத்தமே பார்த்துக்கொள்ளும். என்றாவது அதைத் திரும்ப எடுக்க வேண்டிவரும் அல்லவா?

வீணைக்காரி:

நாலுகம்பி அண்ணன் வேலையை விளக்கிவிட்டார். எலும்பைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். வீணையில் இதே உறுப்பை மேரு என்போம், மறுமுனையில் இருப்பது குதிரை. மெட்டில், அதாவது பிரெட்டில், விரல் வைத்த கணமே மேருவின் பங்கு முடிந்துவிடுகிறது. கம்பி அதன்பின் மெட்டுக்கும் குதிரைக்கும் இடையேதான் அதிர்கிறது. ஆகவே எலும்பா, பித்தளையா, செயற்கைப் பொருளா என்ற விவாதம் முழுவதும் திறந்த கம்பியின் நாதத்தைப் பற்றியதே. அதிலும் பொருளைவிட வெட்டின் செம்மைதான் காதுக்கு முதலில் தெரியும் என்பது என் அனுபவம்.

மிருதங்கத்தின் இரு முகங்களும் தோல்தான் என்று பெரியவர்களிடம் வாதாடலாம். ஆனால் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் அவர்கள் மனம் நிறைவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. டஸ்க் என்ற செயற்கைப் பொருளில் ஜாஸ் பேஸ் அளவுக்கே நட் செய்து விற்கிறார்கள். குடைவு இல்லாமல் கெட்டியாக இருக்கும், அரத்துக்கும் நன்றாக இணங்கும். எதை இழைத்தாலும் முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கம்பிகளை நாள்கணக்கில் கழற்றி வைத்தால் கழுத்து பின்னோக்கி வளையலாம். நம் ஊர் ஈரப்பதத்தில், பகலில் சன்னல் திறந்தும் இரவில் குளிர்சாதனம் போட்டும் இருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டு அறையில், மரம் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறது. கம்பி மாட்டி, ஓரிரவு விட்டு, கழுத்தின் வளைவு பழைய நிலைக்கு வந்த பின்னரே கடைசி ஆழத்தை அளந்து பாருங்கள்.

ஈசூன்வாசி:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. டஸ்க் நட் வாங்கினேன். கத்தியால் கீறியதும் பழையது இரண்டே தட்டில் வந்துவிட்டது. மெருகு ஒரு செதில்கூடப் பெயரவில்லை. ஜாலான் புசார் பக்கத்து இரும்புக்கடையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் வாங்கி அளந்ததில் ஈ கம்பிக்குக் கீழே 0.3 மி.மீ. வந்தது. 105க்கே திரும்பிவிட்டேன். ஆனால் டி கம்பியைத் திறந்து மீட்டினால் மட்டும் சித்தார் போல ஒரு ரீங்காரம் கேட்கிறது. அழுத்திப் பிடித்தால் இல்லை. இடைவெளியும் குறையவில்லை. ஆழமாக வெட்டிவிட்டேனா?

வீணைக்காரி:

இடைவெளி குறையவில்லை என்றால் ஆழம் காரணம் அன்று. தம்புராவில் குதிரையின் மேல்பரப்பைச் சற்றே குவிந்து சரியுமாறு இழைத்து, கம்பிக்கு அடியில் ஜீவா என்ற நூலை நகர்த்தி, கம்பி அந்தப் பரப்பை உரசிக்கொண்டே அதிரும்படி செய்கிறோம். அங்கே வேண்டிய அந்த ரீங்காரம்தான் உங்கள் டி கம்பியில் வேண்டாத இடத்தில் வந்திருக்கிறது. பள்ளத்தின் அடி மட்டமாகவோ, விரல்பலகைப் பக்கம் சரிந்தோ போயிருக்கும். உச்சி, விரல்பலகையைத் தொடும் முன்விளிம்பில் இருக்க வேண்டும். அங்கிருந்து டியூனிங் கீ இருக்கும் பக்கம் பள்ளம் சரிய வேண்டும். உச்சி ஒரு மி.மீ. பின்தள்ளினாலும் கம்பியின் நீளமே மாறி, முதல் சில மெட்டுகளில் சுருதி பிசகும். அரத்தின் பின்முனையைத் தாழ்த்தி, முன்விளிம்பைத் தொடாமல், பின்பாதியை மட்டும் இழையுங்கள்.

ஈசூன்வாசி:

அப்படியே செய்தேன் அக்கா. உப்புத்தாள் சுற்றிய கம்பியைச் சாய்த்துப் பிடித்துப் பன்னிரண்டு இழுப்பு. பின்பாதியில் மட்டும் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ரீங்காரம் போய்விட்டது. இன்று இரவு அப்படியே விட்டு, நாளைக் காலை கழுத்தின் வளைவைப் பார்த்துவிட்டு ஜி கம்பியை இன்னும் ஒரு தாள் அளவு இறக்கப் போகிறேன்.