சூடான அச்சிலிருந்து ரப்பர் கிராமெட்டைக் கை வைக்காமல் எடுக்க வழி உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். அம்பத்தூரில் ஒரு சின்ன ரப்பர் யூனிட்டில் மோல்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இன்ஜெக்‌ஷன் மெஷினில் ஈபிடிஎம் என்ற ரப்பரில் கிராமெட் (வயர் நுழையும் துளையில் பொருத்தும் வளையம்) ஓடுகிறது. 24 கேவிட்டி (ஒரு ஷாட்டுக்கு 24 பீஸ்), அச்சின் சூடு 175 டிகிரி, வேகும் நேரம் 150 விநாடி. ஆனால் பீஸ் எடுக்க மட்டும் 70 விநாடி போகிறது. அதற்குள் தட்டு ஆறி, அடுத்த ஷாட்டில் ஓரத்துப் பீஸ்கள் சரியாக வேகாமல் வருகின்றன.

இப்போது பித்தளைக் கம்பியும் ஏர் கன்னும்தான். எங்கள் ஆபரேட்டர் அக்காவின் மணிக்கட்டில் வரிவரியாகச் சூட்டுத் தழும்பு. இதை மாற்றியே ஆக வேண்டும்.

பீஸைத் தள்ளிவிட அச்சில் எஜெக்டர் பின் வைத்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இல்லையே, பின் குத்திய இடம் மட்டும் உள்வாங்குகிறது, பீஸ் நகரவில்லை. சூட்டில் இழுத்தால் கிராமெட்டின் மெல்லிய ஓரம் கிழிகிறது. ஒட்டாமல் இருக்க அடிக்கும் மோல்டு ரிலீஸ் அதிகமானால் அச்சில் கறை படிகிறது.

பெரிய தலைவலி இதுதான்: ஒரு ஷாட்டில் எல்லாம் கீழ்த்தட்டில் நிற்கும், அடுத்ததில் ஆறேழு மேல்தட்டோடு போய்விடும். இது நிலையாகாமல் ரோபோ வாங்கிப் பயனில்லை என்று நினைக்கிறேன்.

பீஸை அச்சிலிருந்து எடுக்கச் சுழலும் நைலான் பிரஷ் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? அந்தச் சூட்டில் இழை எத்தனை நாள் தாங்கும்? அப்புறம், நடுத்தட்டு வெளியே வந்து பீஸைத் தள்ளிவிடும் அமைப்பைப் பழைய அச்சில் சேர்க்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவி.