கைசரின் லிபர்டி கப்பல்கள்: செலவு அரசுக்கு, லாபம் அவருக்கா?

கேள்வி:
ஹென்றி கைசர் அணை கட்டிய கான்ட்ராக்டர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா வேகமாகக் கட்டிய ‘லிபர்டி’ சரக்குக் கப்பல்களுக்கு இத்தனை ஆர்டர் அவருடைய கப்பல் கட்டும் யார்டுகளுக்குப் போனது எப்படி? ஒப்பந்தமும் ‘செலவு + கட்டணம்’, அதாவது செலவை அரசு கொடுக்கும், மேலே கட்டணமும் உண்டு. செலவை ஏற்ற ஏற்ற அவருக்கு லாபம்தானே?

பதில் 1:
இல்லை. கட்டணத்தைச் செலவில் இத்தனை சதவீதம் என்று கொடுப்பதற்கு இரண்டாம் உலகப்போரில் தடை இருந்தது. கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்த அமெரிக்க அரசு அமைப்பான மாரிடைம் கமிஷன் கட்டணத்தைத் தனியாக வைத்தது: கப்பலுக்குக் குறைந்தது 60,000 டாலர், அதிகபட்சம் 1,40,000. கெடுவுக்கு முன்பே, குறைந்த ஆள்-மணியில் (ஆட்கள் × வேலை நேரம்) முடித்தால் ஏறும், இழுத்தடித்தால் இறங்கும். கப்பலின் விலையே சுமார் 20 லட்சம் டாலர் என்பதால் கட்டணம் பெரிதல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: யார்டும் கிரேனும் அரசுப் பணத்தில் வந்தவை. கைசர் போட்ட முதலீடு எவ்வளவு?

ஆர்டருக்கு வழி திறந்தது பிரிட்டன். 1940 டிசம்பரில் அது கேட்ட 60 கப்பல்களில் 30, டாட் என்ற கப்பல் நிறுவனத்தோடு கைசர் கூட்டுச் சேர்ந்த கலிபோர்னியா ரிச்மண்ட் யார்டுக்கு வந்தன.

பதில் 2:
வேகத்தின் சூட்சுமம் கட்டுமேடையில் வேலையைக் குறைத்ததுதான். மேடை காலியானால்தான் அடுத்த கப்பலுக்குக் கீல் (அடி முதுகெலும்பு) போட முடியும். அதனால் அடித்தளம், முன்முனை, டெக்ஹவுஸ் (மேல்தள அறைகள்) எல்லாம் தரையிலேயே பெரிய துண்டுகளாகத் தயாராகி, கிரேனில் ஏறின. தரையில் துண்டைப் புரட்டிப் போட்டுக் கீழ்நோக்கியே வெல்டிங் வைக்கலாம். தலைக்கு மேலே வைப்பதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். கீழ்நோக்கி வைப்பதற்குப் புதிதாகச் சேர்ந்தவரே போதும்.

எஞ்சின் 2,500 குதிரைத்திறன் நீராவி எஞ்சின், வேகம் 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கி.மீ.). பழைய ரகம்தான், ஏனென்றால் டர்பைனும் கியரும் கடற்படைக்குப் போய்விட்டன.

‘ராபர்ட் இ. பியரி’ என்ற லிபர்டி கப்பல் 1942 நவம்பரில் ஐந்து நாளுக்குள் நீரில் இறங்கியதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது விளம்பரத்துக்காக முன்கூட்டியே துண்டுகளைச் சேர்த்து வைத்துச் செய்த வேலை.

பதில் 3:
விரிசலையும் சேர்த்துப் பேசுங்கள். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில், கைசர் யார்டு கட்டிய ‘ஸ்கெனெக்டடி’ என்ற எண்ணெய் டேங்கர் துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. அங்கே தொடக்கம் டெக்கில் ஒரு மோசமான வெல்டிங். இடைவெளியில் வெல்டிங் ராடையே செருகி மேலே மட்டும் பூசுகிற தில்லுமுல்லும் போர்க்கால யார்டுகளில் நடந்ததுதான்.

ஆனால் வெல்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. தகடுகளை ரிவெட் ஆணியால் இணைத்த கப்பல் உடலில் விரிசல் பெரும்பாலும் தகட்டின் விளிம்போடு நிற்கும். வெல்டிங் உடலில் நிற்க இடமில்லை, ஓடிவிடும். அந்த எஃகும் குளிரில் நொறுங்குகிற ரகம். கேம்பிரிட்ஜின் உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அதைக் காட்டினார். லிபர்டியில் சரக்கு அறை வாயிலின் சதுர மூலையில்தான் பெரும்பாலும் கீறல் விட்டது. மூலையை வளைத்தார்கள், டெக்கில் ரிவெட் பட்டை போட்டார்கள். உடைவது வெகுவாகக் குறைந்தது.

கேட்டவர்:
அப்படியானால் சதுர மூலை கைசரின் வரைபடம் இல்லையா?

பதில் 3:
இல்லை. வரைபடம் கமிஷன் கொடுத்தது, 18 யார்டுக்கும் ஒன்றே. மூலம் பிரிட்டிஷ் கப்பல்.