‘முக்தியார்’ வரும் பழைய முறிகள் (பத்திரங்கள்) வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டார அன்பர்களுக்கு வணக்கம். ‘அதிகாரம்’ என்ற சொல்லின் வழக்குகளைத் தொகுக்கிறோம். வடமொழி அதி + கார. தமிழில் ஆளும் உரிமை, நூற்பிரிவு இரண்டுக்கும் ஆகி வந்தது. குறளில் 133 அதிகாரங்கள் என்பதும் அந்தச் சொல்தான். அந்தக் காலத்தில் பர்மாவில் இருந்த வட்டிக்கடைக்கு முதலாளி சார்பில் போகும் ஏஜெண்டுக்கு உரிமை கொடுத்து எழுதிய பத்திரத்தில் எந்தச் சொல் இருக்கிறது: அதிகாரமா, முக்தியாரா, பவரா? முக்தியார் அரபியிலிருந்து வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று பொருள். மூன்றில் எந்தச் சொல் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

அப்படிப்பட்ட பத்திரம் வீட்டில் இருந்தால் முழுப் பக்கத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சூடு பட்டால் தாள் பாழாகும்.

படிக்கும்போது கவனம்: பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ‘அதிகாரம்’ என்பதில் ‘க’வை அடுத்து ஒரே வடிவம் இரண்டு முறை வரும், ஒன்றை விட்டுவிட்டால் ‘அதிகாம’, ‘அதிகரம’ என்றெல்லாம் தவறாகப் பெயர்த்துவிடுவோம். எனவே நீங்களே பெயர்த்தெழுதி அனுப்பினாலும் படமும் கட்டாயம் வேண்டும்.

‘பார்த்திப வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1885ஆகவும் இருக்கலாம், 1945ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளின் மேல்பகுதியையும் சேர்த்து எடுங்கள்: அதில் இருப்பது விக்டோரியாவா, ஆறாம் ஜார்ஜா என்று பார்த்தால் எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். பெயர், தொகை, விலாசத்தை மறைத்து அனுப்பினால் போதும்.