ஆகஸ்டில் அப்பாவுக்கு 60, தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு வாங்குவதா, வாடகைக்குப் போவதா?

மழைக்கோட்டுக்காரி:

எனக்கு 27 வயது. ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெஸ்தாரி ஜெயா என்று 2007லேயே பெயரை மாற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு அது இன்னும் வாயில் வரவில்லை, எனக்கும்தான். அலுவலகத்தில் யாராவது கேட்டால், "கோலசிலாங்கூர் பக்கம், மின்மினிப்பூச்சி பார்க்கப் போவீர்களே, அங்கே" என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

கோலாலம்பூரில் (கேஎல்), அம்பாங் பார்க் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஐந்தாவது வருடம். காலை 5.50க்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால், ஈஜோக் வழியாக 6.40க்குச் சுங்கை பூலோ எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். முன்னால் மணல் லோரி மாட்டக்கூடாது, அவ்வளவுதான். வேலைக்குப் போடும் சப்பாத்து சீட்டுக்கு அடியில், லேப்டாப்புக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, மழைக்கோட்டு எப்போதும் முன்கூடையில். சுங்கை பூலோவில் உட்கார இடம் கிடைத்துவிடும். அங்கிருந்து அம்பாங் பார்க் வரைக்கும்தான் என் தூக்கமே. மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) பாஸ் இருப்பதால் ரயில் செலவு பெரிதில்லை, பெட்ரோலும் டயரும்தான் தின்கின்றன. சாயங்காலம் வீடு சேர 7.45 ஆகும்.

போன நவம்பரில் பஞ்சர் ஆகி 7 நிமிடம் தாமதமாகப் போனேன். ஏழே நிமிடம். "ஏன் இவ்வளவு கஷ்டப்படணும், கேஎல்லயே ரூம் எடுத்துத் தங்கலாமே" என்றார் மேலாளர். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் ரூமுக்கு 650 கொடுத்தால் வீட்டில் என்ன கொடுப்பது என்று அவரிடமா கேட்க முடியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா இந்தத் தோட்டத்தில் 31 வருடம். செம்பனைக் குலை வெட்டினார், முதுகு போன பிறகு டிராக்டர் ஓட்டுகிறார். அம்மா பால்மரம் வெட்டினார், மரத்தை அழித்துச் செம்பனை நட்டதும் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தார். நான் பிறந்ததும் இந்த வீட்டில்தான். செம்பனை ஆலை ஓடும் ராத்திரியில் கொடியில் சட்டை காய்ந்தால் மறுநாள் ரயிலில் எனக்கே அந்த வாசம் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன் என் சூராட் பெரானாக்கைத் தேடி பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் நிர்வாகத்தின் கடிதம் ஒன்று நாலாக மடித்து இருந்தது. வேலை ஓய்வு ஆகஸ்டில், அதிலிருந்து மூன்று மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். கடிதத் தேதி பிப்ரவரி. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. இதில் எனக்குப் புரியாத ஒன்று: பின்பக்கம் அவர் மூன்று வாழைக்கன்று நட்டது மார்ச்சில்.

என் கணக்கு இது. சம்பளம் 3,600. இபிஎஃப் (சேமநிதி) 396, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) சில்லறை எல்லாம் போகக் கைக்கு ஏறக்குறைய 3,175 வரும். பிடிபிடிஎன் (படிப்புக் கடன்) 150, மோட்டார் 210, வீட்டுக்கு 900. சேமிப்பு 19,000. ஊரிலேயே ஒரு தாமானில் (குடியிருப்பில்) ஒற்றை மாடி வரிசை வீடு, 260,000 கேட்கிறார்கள். பழைய வீடு, நடுவீடு. அண்ணன் சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் பிளாட் வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறார். போன் செய்தேன். "நீதானே கூட இருக்கே, நீ பார்த்து ஒரு முடிவு எடு" என்றார். கூட இருப்பது ஒரு குற்றமா?

வாங்கலாமா? இல்லை, வாடகைக்குப் போய்விட்டு அப்புறம் யோசிக்கலாமா?

ஈஜோக் அண்ணன்:

தங்கச்சி, நான் மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பழைய வீடு வாங்கினேன். எனக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

90 விழுக்காடு கடன் என்பதை விற்பவர் கேட்கும் விலையில் கணக்குப் போடாதீர்கள். பேங்க் மதிப்பீட்டாளர் 245,000தான் பெறும் என்று எழுதிவிட்டால், 90 விழுக்காடு அதற்குத்தான். மிச்சம் 10 விழுக்காட்டோடு, விலை வித்தியாசம் 15,000உம் உங்கள் கையிலிருந்து போகும். எனக்கு அப்படித்தான் ஆனது. மனைவியின் சங்கிலி போய், போன தீபாவளிக்குத்தான் திரும்பி வந்தது. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பேங்கிலாவது மதிப்பு கேளுங்கள், வாய்மொழியாகச் சொல்வார்கள்.

260,000க்கே மதிப்பு வந்தால் கடன் 234,000. 4 விழுக்காடு, 35 வருடம் என்று வைத்தால் மாதம் 1,035 பக்கம் வரும். 'ரூமா பெர்தாமாகு' (என் முதல் வீடு) திட்டத்தில் முழு விலைக்கும் கடன் கேட்கலாம், உங்கள் சம்பளம் 5,000க்குள் இருக்கிறது. ஆனால் தவணை 1,150க்கு ஏறும்.

இபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கில் (பழைய இரண்டாவது கணக்கு) இருப்பதை வீட்டுக்கு எடுக்கலாம். ஆனால் வாங்கல் ஒப்பந்தமும் கடன் அனுமதியும் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். அதாவது முதல் 10 விழுக்காட்டை நீங்கள் முன்னால் போட்டு, பின்னால் எடுத்துக்கொள்ள வேண்டும். பிடிபிடிஎன் பாக்கி வைத்திருக்கிறீர்களா? அது சிசிரிஸில் (மத்திய வங்கியின் கடன் பதிவு) தெரியும், பேங்க் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தாமான் அக்கா:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதேம்மா. 27 வயதில் தனியாக 35 வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறாய். நாளைக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், பினாங்குக்குப் போக வேண்டி வரும். நானும் அப்பா அம்மாவுக்காகத்தான் வாங்கினேன், வருத்தம் இல்லை. ஆனால் என் தம்பி வருடத்துக்கு ஒரு தடவை வந்து "நம்ம வீடு" என்று சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். உன் அண்ணன் மாதம் எவ்வளவு தருவார் என்பதை இப்போதே பேசு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், தீபாவளிக்கு வரும்போது அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு பேசு.

அவர் பெயரையும் சேர்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அவருக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது. சேர்த்தால் முதல் வீட்டுக்குக் கிடைக்கும் ஸ்டாம்ப் டூட்டி விலக்கு உனக்கும் போய்விடும்.

என்னைக் கேட்டால், அதே தாமானில் ஒரு வருடம் வாடகைக்கு இரு. அப்பா தோட்டத்தை விட்டு வந்தால் எப்படி இருப்பார் என்று உனக்கே தெரியாது. என் அப்பா ஆறு மாதம் காலை ஐந்து மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போவது போல வாசலில் நின்றார்.

கேஎல் பையன்:

ரொம்ப சிம்பிள். அப்பா அம்மாவைக் கேஎல்லுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பயணமும் மிச்சம்.

மழைக்கோட்டுக்காரி:

கேஎல் பையன், அம்மா பிளாட் லிப்டில் ஏற மாட்டார். சித்தி வீட்டில் ஏழு மாடி நடந்து ஏறினார். அதோடு 3,175இல் கேஎல்லில் மூன்று பேர் என்றால், தயவுசெய்து நீங்களே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஈஜோக் அண்ணன், பிடிபிடிஎன் வேலையில் சேர்ந்த முதல் வருடம் எட்டு மாதம் கட்டாமல் விட்டேன், அப்புறம் கட்டித் தீர்த்துவிட்டேன். இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன். செஜாத்ராவில் 12,400 இருக்கிறது. அக்கா சொன்ன அந்த ஐந்து மணி விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டது.

சம்பளப் பிரிவு:

வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பயணத்தைப் பற்றி மட்டும்: 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 60P பிரிவு இருக்கிறது. வேலை நேரம், நாள், இடம் மூன்றில் எதையும் மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். கம்பெனி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாரம் முழுக்க வீட்டிலிருந்து என்று கேட்காமல், செவ்வாயும் வியாழனும் என்று கேளுங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் நாட்களில் நேரில் வருவேன் என்று நீங்களே எழுதிவிடுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வரிக்காகத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அப்புறம், ஓய்வு வயது சட்டப்படி 60. அதற்கு ஒரு நாள் முன்னால் அப்பாவை நிறுத்தினாலும் கேள்வி கேட்கலாம். பிறந்த தேதியையும் கடிதத்தில் உள்ள தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழைக்கோட்டுக்காரி:

தேதி சரியாகத்தான் இருக்கிறது, நன்றி. 60P கடிதத்தை நேற்று கொடுத்தேன். செவ்வாய், வியாழன், மாதக் கடைசியில் நேரில். மேலாளர் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போவதாகச் சொல்லி அப்பாவை மோட்டாரில் ஏற்றி அந்தத் தாமானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடிதத்தைப் பார்த்துவிட்டேன் என்று வழியில் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் கேட்டதோ இல்லையோ, பதில் இல்லை. வீட்டில் அறைகளை அவர் பார்க்கவே இல்லை. நேராகப் பின்கதவைத் திறந்து வெளியே போனார். பின்பக்கம் முழுக்க சிமெண்ட். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குதிகாலும் விரலும் தொட அடி அடியாக வைத்துச் சுவர் வரைக்கும் அளந்தார். பதினோரு அடி. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து, "இந்த சிமெண்ட்ட ஒடச்சா பேங்க்காரன் ஏதும் சொல்லுவானா?" என்று கேட்டார்.

ஈஜோக் அண்ணன், சொல்லுவானா?

ஈஜோக் அண்ணன்:

உங்கள் எல்லைக்குள் இருந்தால் பேங்க் வந்து பார்க்காது. ஆனால் கழிவுக் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று முதலில் விற்பவரிடம் கேளுங்கள். வாழையை அதற்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லாதீர்கள்.