அவசர நிறுத்தம், விடுவிப்பு, மறுதொடக்கம்: தரம்பிரிப்பு எந்திரக் கையேட்டுக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

பொருள்களைத் தரம் பார்த்துப் பிரிக்கும் எந்திரத்தின் கையேட்டுக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், வந்திருக்கும் சொற்களைப் பற்றிய என் கருத்துகள் இவை. 'அவசர நிறுத்தம்' என்ற சொல்லை யாரும் மறுக்கவில்லை. அதைச் செயலுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். கையால் அடிக்கிற சிவப்புக் குமிழ் 'அவசர நிறுத்தப் பொத்தான்', கன்வேயர் நெடுக ஓடும், இழுத்தால் எந்திரத்தை நிறுத்தும் கயிறு 'அவசர இழுகயிறு' என்று இருக்கட்டும். ஒரே எந்திரத்தில் இரண்டும் இருக்கும். 'அவசர நிறுத்தி' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், பழுதுக் குறிப்பைப் படிப்பவருக்கு எது கெட்டது என்றே தெரியாது. 'சிவப்புப் பொத்தான்' என்பதும் போதாது. சாதாரண நிறுத்தப் பொத்தானும் சில எந்திரங்களில் சிவப்பாக இருப்பதுண்டு. அவசரப் பொத்தானுக்குப் பின்னால் மஞ்சள் இருக்கும்.

என் கவலை எல்லாம் அடுத்த சொல்லைப் பற்றித்தான். அடித்த பொத்தான் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். அதைத் திருகியோ இழுத்தோ வெளியே எடுப்பதைத்தான் ரீசெட் என்கிறோம். இதற்கு 'மீட்டமைப்பு', 'மீளியக்கம்' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. 'மீளியக்கம்' வேண்டவே வேண்டாம். பொத்தானை வெளியே எடுத்ததும் எந்திரம் ஓடக் கூடாது என்பது அவசர நிறுத்தத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 13850-இன் அடிப்படை விதிகளில் ஒன்று. ஓட அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஒருவர் தனியாக ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓட வேண்டும். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது கையை விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருக்கலாம். பொத்தானை எடுப்பவருக்கு அது தெரியாமல் போகலாம். இரண்டு செயல்களையும் பிரித்து வைத்திருப்பதே அதற்காகத்தான். கையேட்டிலேயே இரண்டும் ஒரே சொல்லில் கலந்துவிட்டால், பயிற்சி எடுப்பவர் மனதிலும் கலந்துவிடும்.

'மீட்டமைப்பு' அவ்வளவு மோசமில்லை. ஆனால் கணினியில் அதைப் பார்த்துப் பழகியவர், எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்றே எடுத்துக்கொள்வார். என் முன்மொழிவு 'விடுவிப்பு'. பூட்டிக்கொண்ட பொத்தானை விடுவிக்கிறோம், வேறு எதையும் செய்யவில்லை. "பொத்தானை விடுவித்த பின், சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்து, மறுதொடக்கம் செய்க" என்று எழுதிப் பார்த்தேன். வரிசை தானாகவே புரிகிறது.

நிறுத்த வகைகளுக்கு வருவோம். எந்திரங்களின் மின்சாதனப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60204-1 மூன்று வகை சொல்கிறது: 0, 1, 2. எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு விளக்கச் சொல் தரலாம். வகை 0, எந்திரத்தை ஓட்டும் மோட்டார் போன்றவற்றுக்கான மின்சாரத்தை உடனே வெட்டுவது: 'உடன்துண்டிப்பு'. வகை 1, மின்சாரத்தை வைத்துக்கொண்டே வேகத்தை அடக்கி, நின்றபின் வெட்டுவது: 'நிறுத்தித் துண்டிப்பு'. கனமான உருளை உள்ள எந்திரத்தில் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் அது தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மோட்டாரே பிரேக் பிடித்தால் சீக்கிரம் நிற்கும். வகை 2-இல் நின்ற பிறகும் மின்சாரம் இருக்கும் என்பதால் அது அவசர நிறுத்தத்துக்கு ஆகாது. இந்தப் பட்டியலில் அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை.

'அவசர மின்துண்டிப்பு' என்பதை அவசர நிறுத்தத்துக்கு இணைச்சொல்லாகப் போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். அது மின் அதிர்ச்சி போன்ற ஆபத்துக்காக மின்வழங்கலையே வெட்டும் வேறு செயல். பொத்தான் அடித்தால் எந்திரம் செத்துவிட்டது என்ற நம்பிக்கையை நாமே வளர்க்கக் கூடாது. நிறம் பார்த்துப் பிரிக்கும் எந்திரத்தில், பெல்ட் நின்ற பிறகும், காற்றை ஊதிப் பொருளைத் தள்ளிப் பிரிக்கும் ஊதுவால்வுக்குப் போகும் குழாயில் அழுத்தக் காற்று இருக்கலாம். அடைபட்ட பொருளை எடுத்ததும், இழுபட்டு நின்ற பெல்ட் சற்று நகரலாம். அதனால் துப்புரவுக்கோ பழுதுக்கோ உள்ளே கை வைக்குமுன் மெயினை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தானே வைத்துக்கொண்டு, காற்றையும் வெளியேற்ற வேண்டும். இந்த முழுச் செயலுக்கு 'பூட்டிப் பணிசெய்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் காற்றை வெளியேற்றுவது அதில் தெரியவில்லை. 'ஆற்றல் பூட்டு' என்றால் மின்சாரம், காற்று இரண்டையும் சேர்த்துக் குறிக்குமா? பழுது பார்க்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் வாயில் வராத சொல் கையேட்டில் இருந்து பயனில்லை.